ரிப்போர்ட்டில் வராத களைப்பு

தைராய்டு வந்த கதையை யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். உடம்பு ஊதியது, முடி கொட்டியது, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தைராய்டு என்றார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதோடு கதை முடிந்துவிடும். எனக்கு மாத்திரை தொடங்கி, ரத்தப் பரிசோதனை சரியாகி, வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்த பிறகுதான் அது ஆரம்பித்தது.

சின்னவள் பிறந்த மறுவருஷம் வந்த நோய். முதன்முதலில் பார்த்தபோது டிஎஸ்எச் 68. தைராய்டு சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்புவது டிஎஸ்எச். தைராய்டு சுணங்கச் சுணங்க அது ஏறும். இருக்க வேண்டியது ஏறத்தாழ 0.4-க்கும் 4-க்கும் நடுவில். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்களும் ரத்தத்தில் ஏராளமாக இருந்தன. 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் நோய் அது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே சுரப்பியை மெல்ல மெல்ல அழித்துவிடுகிறது. அப்போது என் முகம் அதைத்திருந்தது. குரல் தடித்து ஆண்குரலாகிவிட்டது. குதிகால் பாளம் பாளமாக வெடித்துப் புடவைக் கரையில் மாட்டும். புருவத்தின் வெளியோரங்கள் உதிர்ந்திருந்தன. மை வைத்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

லெவோதைராக்ஸின் 100 மைக்ரோகிராம் எழுதினார்கள். இரண்டு மூன்று மாதத்தில் டிஎஸ்எச் 2.4-க்கு வந்துவிட்டது. குரல் திரும்பியது, கடைசி பெஞ்சுவரை கேட்டது. அதைப்பு வடிந்தது. மலச்சிக்கல் போயிற்று. அந்த மாத்திரைக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், இதே நோய் முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அந்த அம்மாள் பிழைத்து 1919 வரை, 74 வயது வரை, வாழ்ந்தார். அதற்கு முன்னால் இந்த நோய் முற்றினால் மீட்சியே இல்லை. 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அந்த வரிசையின் கடைசியில் நிற்பதுதான் என் அலமாரியில் இருக்கும் பாட்டில். அந்தக் கடனைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மற்றது என்னவென்றால், களைப்பு போகவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கினது கணக்கில் வரவில்லை. கை விரல் கணுக்களில் காலையில் ஒரு விறைப்பு. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. குளிர். எல்லாவற்றையும்விட, யோசனையில் வந்த தாமதம்.

நான் கணக்கு டீச்சர். திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் எடுக்கிறேன். ஒரு நாள் கோண இருசமவெட்டித் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன். முக்கோணம் ஏபிசி போட்டாயிற்று. ஏ-யிலிருந்து இருசமவெட்டி இழுத்தாயிற்று. சி வழியாக ஏபி-க்கு இணையாக ஒரு கோடு, அது இருசமவெட்டியின் நீட்சியைச் சந்திக்கும் இடம் ஈ. அதுவரை கை தானாக ஓடியது. அடுத்த வரி வரவில்லை. மறந்துபோகவில்லை, அது இருக்கும் இடம் எனக்குத் தெரிகிறது, போய்ச் சேரத்தான் முடியவில்லை. சாக்பீஸைப் போர்டில் ஊன்றியபடி நின்றேன். இரண்டாம் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து, “ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், டீச்சர்” என்றது. நான் கேள்வி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டது. “சரியாச் சொன்ன, உக்காரு” என்று அந்த வரியை எழுதினேன். வருஷக்கணக்காக நடத்திய பாடம். அன்று மாலை ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து அந்த நிரூபணத்தை முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்த்தேன். வந்தது. மெதுவாக வந்தது.

குளிரைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஊர் அப்படி. ஏப்ரல் மாதம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். ஒரு வகுப்பறையில் நாலைந்து மேஜை, ஒவ்வொன்றையும் சுற்றி ஆசிரியர்கள், நடுவில் விடைத்தாள் கட்டுகள். ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலையும் டிபன் டப்பாவையும் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு வெயில் நூற்று நாலு டிகிரி என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த சார் கைக்குட்டையைக் கழுத்துக்குப் பின்னால் சொருகி எழுதிக்கொண்டிருந்தார். வேர்வை முழங்கை வழியாக இறங்கி மேஜையில் வட்டமாகப் படிந்தது. எனக்கு மேலே ஃபேன். புறங்கையில் ரோமம் சிலிர்த்து நின்றது. விரல் நுனி வெளுத்து, சிவப்புப் பேனாவைப் பிடித்த இடம் மரத்துவிட்டது. முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு, “சார், இந்த ஒரு ஃபேன மட்டும் கொஞ்சம் அமத்திக்கிடலாமா?” என்று கேட்டேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “என்ன டீச்சர், வெக்கையில சாவுதோம், ஃபேன அமத்தச் சொல்லுதீங்களே” என்றார் ஒருவர். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல். ஓரத்து மேஜையில் இருந்த ஓர் அம்மா மட்டும் தன் இடத்தைக் காட்டி, “இங்க காத்து வராது, வாங்க” என்று எழுந்து கொடுத்தார். அவருக்கும் தைராய்டாம். “ரிப்போர்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்தோம்.

இந்தியாவில் எட்டு நகரங்களில் பெரியவர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. சென்னையும் அதில் உண்டு. ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது, பெண்களிடம் அதிகம். சிகிச்சையில் டிஎஸ்எச் சரியான பிறகும் அறிகுறிகள் தீராதவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் என்று ஐரோப்பிய தைராய்டு மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் நம் ஊர் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இப்படி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியும்.

களைப்பு உடம்புக்குள்ளேயே நின்றால் பரவாயில்லை. அது உறவுக்குள் போகிறது. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுக்குப் போகாவிட்டால்கூட ஒரு காரணம் சொல்லித் தப்பலாம், துஷ்டி வீட்டுக்குப் போகாவிட்டால் தப்ப முடியாது. தென்காசியில் என் மாமியாரின் தம்பி இறந்தபோது, பள்ளிக்கூடம் முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்தவள் எழ முடியாமல் கிடந்தேன். என் கணவர் மட்டும் போய்விட்டு வந்தார். பதினாறாம் நாள் விசேஷத்தில் மைனி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “டீச்சருக்கு ஸ்கூலுக்குப் போக முடியுது, பரிட்சப் பேப்பர் திருத்தப் போக முடியுது. சொந்தக்காரங்க வீடுன்னாத்தான் தைராய்டு வந்துருது.” என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும்போது என்னிடம், “ரெத்தம்லாம் சரியாயிட்டுன்னுதான சொன்னாக?” என்று மெதுவாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. சரியாகிவிட்டது என்று நானே வீட்டுக்கு வந்து சொன்னதுதானே. கையில் காகிதம் இருக்கிறது. அதில் தடித்த எழுத்து எதுவும் இல்லை. வரம்பை மீறிய எண்ணைத்தான் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள்.

டாக்டர்களிடமும் இதேதான். பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெளியே ஐம்பது பேர் டோக்கனோடு காத்திருப்பார்கள். ரிப்போர்ட்டை விரித்து, டிஎஸ்எச் வரியில் பேனாவை வைத்து, “நல்லா இருக்கும்மா, இதே டோஸ கன்டினியூ பண்ணுங்க” என்பார் ஒருவர். களைப்பைச் சொன்னால், “வேலைக்குப் போற பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்கிறதுதான். கொஞ்சம் நடங்க, சோத்தக் குறைங்க.” இன்னொருவர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார். மனச்சோர்வு உண்மையான நோய்தான், அதைச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை, அதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார் என்பதுதான் என்னை நொறுக்கியது.

அந்தச் சமயத்தில் பத்தாம் வகுப்புக்குப் புள்ளியியல் நடத்த வேண்டி வந்தது. வீச்சு, திட்டவிலக்கம், மாறுபாட்டுக் கெழு. முப்பது பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் போர்டில் எழுதிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே என் ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. ஆய்வுக்கூடம் அச்சிடும் அந்த எல்லை எப்படி வருகிறது? நோயில்லாத பலரின் ரத்தத்தை எடுத்து, கிடைக்கும் எண்களை வரிசைப்படுத்தி, இரண்டு ஓரத்திலும் இரண்டரை சதவீதத்தைத் தள்ளிவிட்டு, நடுவில் நிற்கும் 95 சதவீதத்தை இயல்பு என்கிறார்கள். கூட்டத்துக்கு அது சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் தனியாக ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருடைய எண் அந்த அகலம் முழுவதிலுமா அலைகிறது?

தேடிப் படித்தபோது கிடைத்தது. டென்மார்க்கில் 16 ஆரோக்கியமான ஆண்களிடம் ஒரு வருஷம் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து 2002-இல் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரின் தைராய்டு அளவும் தனக்கென்று ஒரு சின்ன வரம்புக்குள்ளேயே நின்றது. மொத்தக் குழுவின் வரம்பில் ஏறத்தாழப் பாதி அகலம்தான். அதாவது ஒருவருக்கு இயல்பானது இன்னொருவருக்குக் குறைவாக இருக்கலாம், இரண்டும் காகிதத்தில் சரி என்றே வரும். நோய் வருவதற்கு முன்னால் என் டிஎஸ்எச் என்ன? 0.9 ஆக இருந்ததா, 3 ஆக இருந்ததா? யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, எடுத்துப் பார்க்கக் காரணமும் இல்லை. 2.4-இல் நான் என் பழைய இடத்துக்கு வந்துவிட்டேனா என்பதை அந்தக் காகிதத்தால் சொல்லவே முடியாது. என் உடம்பு மட்டும்தான் சொல்ல முடியும், அதை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். பல மாதங்களாக என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கோபம் வந்ததே பெரிய ஆறுதல்.

படிக்கப் படிக்க வேறு விஷயங்களும் தெரிந்தன. மாத்திரையில் இருப்பது டி4 என்ற தைராய்டு ஹார்மோன். உடம்பின் செல்கள் பெரும்பாலும் வேலைக்கு எடுத்துக்கொள்வது டி3. அதை 1952-இல் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டறிந்தார்கள். தைராய்டு இல்லாதவருக்கு டி4 மட்டும் கொடுத்தாலும் உடம்பு அதை டி3-ஆக மாற்றிக்கொள்கிறது என்பது 1970-இல் நிரூபணமானது. டி4 மட்டும் போதும் என்ற வழக்கம் அதிலிருந்து வலுப்பட்டது. ஆனால் நல்ல சுரப்பி ஒரு நாளைக்கு வேண்டிய டி3-யில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே நேராகத் தருகிறது. மாத்திரையை நம்பி இருப்பவருக்கு அது இல்லை, முழுவதையும் உடம்பே மாற்றியாக வேண்டும். பிட்யூட்டரி இந்த மாற்றத்தைத் தனக்குத் திறமையாகச் செய்துகொள்கிறது. டிஎஸ்எச் என்பது பிட்யூட்டரி சொல்லும் சேதி. அதற்குப் போதுமென்றால் சேதி நின்றுவிடும். தசைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் அதே அளவு போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. சுரப்பி நீக்கிய எலிகளில் இரண்டும் ஒன்றாக இல்லை என்று பார்த்திருக்கிறார்கள்.

டி3-யையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று நினைக்கத் தோன்றும். 1999-இல் லிதுவேனியாவில் 33 பேருக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்ததில் மனநிலையும் யோசனையும் தெளிந்தன என்று செய்தி வந்து உலகமே பரபரத்தது. அதன் பிறகு நடந்த சோதனைகளில் அது நிலைக்கவில்லை. 11 சோதனைகளை, 1216 பேரை, ஒன்றாக எடுத்து 2006-இல் அலசியபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்கு மட்டும் உதவுகிறதா, அவர்கள் யார் என்ற கேள்வி முடிந்துவிடவில்லை.

நான் இரத்தப் பரிசோதனைக்கு விரோதி இல்லை. டிஎஸ்எச் பரிசோதனை பரவலாவதற்கு முன்னால், அறிகுறியைப் பார்த்தே டோஸ் போட்ட காலத்தில், 200, 300 மைக்ரோகிராம் கொடுப்பது சாதாரணம். இன்றைக்குக் கொடுப்பதைவிட அது இரண்டு மூன்று மடங்கு. தேவைக்கு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். பரிசோதனை வந்துதான் அதைத் தடுத்தது. பரிசோதனை இல்லாத காலத்தில் இருந்த பெண்களின் கதியும் எனக்குத் தெரியும்.

எங்கள் பெரியாச்சி, என் ஆச்சியின் அக்கா, அம்பாசமுத்திரத்தில் இருந்தாள். சித்திரை வெயிலில் திண்ணையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பாள். குரல் கரகரவென்று இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாங்கள் அடுத்த விளையாட்டுக்கு ஓடிவிடுவோம். மாவு அரைக்க உட்கார்ந்தால் குழவியைப் பிடித்தபடியே தூங்கிப்போவாள் என்பார்கள். அவளுக்கு வீட்டில் பெயர் தூங்கமூஞ்சி. கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், வேலைக்கு ஆகமாட்டாள் என்று. அவளுக்கு என்ன நோய் என்று இன்றைக்கு யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புருவம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளியோரம் இல்லாத புருவம். லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் வயதுவந்த பெண்களிடம் இந்த நோயைக் கண்டு 1873-இலேயே விவரித்துவிட்டார். எங்கள் பெரியாச்சியின் திண்ணைவரை அந்தச் சேதி வந்து சேரவில்லை. ஒரு பெயர் கிடைத்திருந்தால், ஒரு மாத்திரை கிடைத்திருந்தால். அவளை நினைக்கும்போது என் பங்குக்குக் கிடைத்தது எவ்வளவு என்று தெரிகிறது. அதே சமயம் மைனி பேசியதும் பெரியாச்சியைப் பேசியதும் ஒரே பேச்சாகவும் கேட்கிறது.

மதுரையில் இருக்கும் ஹார்மோன் மருத்துவர் ஒருவரை ஒரு சிநேகிதி சொல்லித்தான் போய்ப் பார்த்தேன். அவர் ரிப்போர்ட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “நீங்க சொல்லுங்க” என்றார். எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் மாத்திரை எத்தனை மணிக்கு, அதற்கும் காப்பிக்கும் எவ்வளவு நேரம், இரும்பு, கால்சியம் மாத்திரை எதுவும் உண்டா, தூக்கத்தில் குறட்டை உண்டா, மாதவிலக்கு எப்படி, வீட்டில் யாருக்கு வெண்புள்ளி, யாருக்குச் சர்க்கரை என்று அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முடிக்காகக் கடையில் வாங்கிய பயோட்டின் மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். சில ஆய்வு முறைகளில் பயோட்டின் உள்ளே புகுந்து தைராய்டு எண்களையே பொய்யாகக் காட்டிவிடுமாம். சில நாள் நிறுத்திவிட்டு மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

பிறகு என்னை நாற்காலியில் முழங்கால் ஊன்றி, பாதம் வெளியே தொங்கும்படி நிற்கச் சொன்னார். குதிகாலுக்கு மேலே தசைநாரில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. பாதம் துள்ளித் திரும்பியது. இன்னொரு தட்டு. “தைராய்டு ரொம்பக் குறைஞ்சா பாதம் திரும்பி வர நேரமாகும். ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்துல இத வெச்சுத்தான் பாத்தாங்க” என்றார். என்னுடையது சட்டென்று திரும்பியது. அது எனக்குச் சாதகமான சாட்சி இல்லைதான். ஆனால் இவ்வளவு வருஷத்தில் இந்த நோய்க்காக ஒரு டாக்டர் என் உடம்பைத் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

களைப்பு எப்படி இருக்கும் என்று கேட்டார். “முழங்காலுக்குக் கீழ ஈரத்துணியச் சுத்திக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கும்” என்றேன். அவர் அதை அப்படியே, நான் சொன்ன வார்த்தையிலேயே, தமிழிலேயே கோப்பில் எழுதினார். டிஎஸ்எச் எண்ணுக்கு நேர் கீழே. எழுதி முடிக்கும்வரை அடுத்ததைக் கேட்கவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து தலைகீழாக அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. 

அவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளில் ஃபெரிட்டின் 9. உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவு அது. எனக்கு அநேகமாகக் காலி. ஹீமோகுளோபின் ஓரளவு சரியாக இருந்ததால் யாரும் அதற்குக் கீழே தோண்டிப் பார்க்கவில்லை. பி12-உம் குறைவு. நாங்கள் சைவம், அது ஒரு காரணம். ஹஷிமோட்டோ நோய் உள்ளவர்களுக்கு வயிற்றின் உட்சுவரையும் அதே எதிர்ப்பு சக்தி தாக்கி பி12 உறிஞ்சுவதைக் கெடுப்பதுண்டு, அது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்றார். இரும்பு இல்லாவிட்டால் தைராய்டு ஹார்மோன் சுரப்பதும் மாறுவதுமே தடுமாறுமாம். பி12 ஊசி, இரும்பு மாத்திரை. இரும்பைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும் என்பதால் நாலு மணி நேர இடைவெளி. காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி, இரும்பு ராத்திரிக்கு.

டோஸையும் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். ஒரு நாள் 100, ஒரு நாள் 125. டிஎஸ்எச் 1.2-க்கு இறங்கியபோது குளிர் குறைந்தது. முகாமில் ஃபேனுக்கு அடியில் உட்கார முடிந்தது. அது நல்லதாயிற்றே என்று தினமும் 125 ஆக்கியபோது படபடப்பு வந்தது, ராத்திரி இதயம் அடிப்பது தலையணையில் கேட்டது. டிஎஸ்எச் 0.2. உடனே பழைய அளவுக்கு இறக்கிவிட்டார். டோஸை நாமாக ஏற்றிப் பார்க்கக் கூடாது என்பதை அந்த ராத்திரிகள் எனக்கு நன்றாகப் புரியவைத்தன. டி3 பற்றி நானே கேட்டேன். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை; யாருக்கு உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததையும், இதயத்தைக் கண்காணிக்க வேண்டியதையும் பொறுமையாகச் சொன்னார். இரும்பும் பி12-உம் நிரம்பட்டும், பிறகு பேசுவோம் என்று இருவரும் முடிவு செய்தோம். அந்த முடிவில் என் பங்கும் இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. முடி கொட்டுவது நின்றது. விரல் விறைப்பு பெரும்பாலும் போய்விட்டது. போர்டில் அடுத்த வரி வந்துவிடுகிறது, மதியம் மூன்று மணிக்கு மேல் சில நாள் இன்னும் தாமதிக்கும். அதனால் தலைமையாசிரியையிடம் சொல்லிப் பத்தாம் வகுப்புப் பீரியட்களைக் காலையில் மாற்றி வாங்கிக்கொண்டேன். களைப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே ஓடாது. அந்த நாள் எது என்று முந்தின நாள் தெரியாது. வீட்டில் மாவு அரைப்பது என் கணவர் பொறுப்பாகிவிட்டது. பெரியவள் துணி மடிக்கிறாள். ஒரு விசேஷ வீட்டுக்குப் போனால் மறுநாள் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. 

மாமியாரை ஒரு தடவை மதுரைக்கு என்னோடு கூட்டிப் போனேன். டாக்டர் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். திரும்பி வரும்போது ரயிலில் பேசவே இல்லை. கோவில்பட்டி தாண்டிய பிறகு, “இத்தனையும் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையேட்டி” என்றார்கள். அதற்குப் பிறகு மைனி வீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் போகாதபோது, “அவளுக்கு முடியல” என்று அவர்களே சொல்லிவிட்டு வந்தார்கள். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லையாம்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இங்கிலீஷ் டீச்சர் போன வாரம் ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். குழந்தைக்கு எட்டு மாசம். 50 மைக்ரோகிராம் சாப்பிடுகிறாள், டிஎஸ்எச் 3.1. “எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்கக்கா. ஆனா மாடிப்படி ஏற முடியல” என்றாள். பேசிப் பார்த்ததில் பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த கால்சியத்தையும் தைராய்டு மாத்திரையையும் ஒரே வாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அது மட்டும்தானா, வேறு ஏதும் உண்டா என்பது எனக்குத் தெரியாது, டாக்டர்தான் பார்க்க வேண்டும். தூக்கம், மாதவிலக்கு, குளிர், மறதி, எந்த நேரத்தில் அதிகம், எந்த மாத்திரை எப்போது என்று ஒரு தாளில் அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை ரயிலில் நானும் கூடப் போகிறேன். அன்றைக்குத் தைராய்டு மாத்திரையைப் போடாமல் கைப்பையில் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.